புத்தகங்களுக்கு ஒரு புகுந்த வீடு

ஒரு பெரிய மனுஷர் தவறிட்டாருன்னா, காரியம் முடிஞ்ச கையோட வீட்டுல பாகப்பிரிவினைப் பேச்சு ஆரம்பிச்சிடும். மனை, நகை, பித்தளை அண்டா, தேக்குக் கட்டில் எல்லாத்துக்கும் ஆள் இருக்கும், கூடவே சண்டையும் இருக்கும். ஆனா புத்தகத்துக்காகப் பங்காளிச் சண்டை வந்ததா நான் கேள்விப்பட்டதே இல்லை. "நீ எடுத்துக்கோப்பா", "இல்ல, நீங்களே வச்சுக்குங்க"ன்னு எல்லாரும் திடீர்னு ரொம்பப் பெருந்தன்மையா ஆயிடுவாங்க :-)

எங்க வீட்டுல இப்ப அந்தக் கட்டம்தான் நடக்குது. அம்மாவோட பெரியப்பா, எனக்குத் தாத்தா முறை, கதிர்காமத்துல இருந்தவர். பள்ளிக்கூட வாத்தியாரா இருந்து ஓய்வு பெற்றவர். அவர் விட்டுட்டுப் போனது ரெண்டு பீரோ, ஏழு ட்ரங்க் பெட்டி நிறையப் புத்தகங்கள். பழைய பாடநூல்கள், பிரெஞ்சு இலக்கணம், சைவ சித்தாந்தம், பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழிச்சு எடுத்து பைண்டு பண்ணினது, உள்ளூர்ச் சங்கங்களோட ஆண்டு மலர்கள், மாநாட்டு நோட்டீஸ்கள். வீட்டை இடிச்சுக் கட்டப் போறாங்க. மாமா கறாரா சொல்லிட்டார்: "தை மாசத்துக்குள்ள ரூம் காலியாகணும். யாருக்குக் குடுக்கணுமோ குடு. இல்லன்னா பழைய பேப்பர் கடைக்காரனை வரச் சொல்லிடுவேன்." கம்ப்யூட்டர் படிச்சவன்ங்கிற ஒரே தகுதியில வேலை என் தலையில விழுந்துச்சு.

யாருக்குக் குடுக்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினப்போ, இதுக்கு முன்னாடி தமிழ்ல இந்த மாதிரித் தொகுப்புகள் யார் வீட்டுலேர்ந்து எங்கே போச்சு, போன இடத்துல அதுக்கு என்ன ஆச்சுன்னு படிக்க ஆரம்பிச்சேன். அதுவே ஒரு தனி வரலாறா விரிஞ்சுது. நிறையப் பேர் வீட்டுப் பரண்ல இதே பிரச்சினை தூங்கிட்டு இருக்கும்ங்கிறதால இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல்ல எங்க ஊர்க் கதை. ஆனந்தரங்கப் பிள்ளையைத் தெரியாத புதுச்சேரிக்காரர் இருக்க முடியாது. கவர்னர் துய்ப்ளெக்ஸ் காலத்து துபாஷ். 1736 செப்டம்பர்ல ஆரம்பிச்சு, 1761 ஜனவரியில சாகிற வரைக்கும் நாட்குறிப்பு எழுதினவர். கப்பல் வந்தது, சரக்கு விலை, கவர்னர் வீட்டு வம்பு, சாதிச் சண்டை, போர் எல்லாம் அதுல இருக்கு. அவர் கண்ணை மூடின சில நாள்லயே, ஜனவரி 16-ஆம் தேதி, ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போச்சு. பிடிச்ச ஊரை அவங்க இடிச்சுத் தரைமட்டமாக்கினாங்க. அப்படிப்பட்ட நேரத்துல ஒரு குடும்பம் எதைக் காப்பாத்தும்? நெல்லையும் நகையையும்தான். ஆனா அந்தக் கணக்குப் புத்தகங்களும் எப்படியோ தப்பிச்சுது.

அப்புறம் 85 வருஷம் யாரும் அதைக் கண்டுக்கலை. 1846-ல புதுச்சேரியில இருந்த அர்மான் கலுவா மோம்பிரன்ங்கிற பிரெஞ்சுக்காரர், பிள்ளையோட வாரிசுகள் வீட்டுல அதைப் பார்த்தார். பார்த்ததும் அவர் செஞ்ச காரியம்தான் முக்கியம்: உட்கார வச்சு ஒரு படி எடுக்க வச்சார். எதுவார் அரியேல்ங்கிற இன்னொரு பிரெஞ்சு அதிகாரியும் சில பகுதிகளுக்குப் படி எடுத்தார். நாட்குறிப்பு வெளியுலகத்துக்கு வந்ததே இந்தப் படிகள் வழியாத்தான். 1892-ல சென்னை அரசாங்கத்தோட கவனத்துக்கு விஷயம் போச்சு. 1904-லேர்ந்து 1928 வரைக்கும் 12 தொகுதியா ஆங்கில மொழிபெயர்ப்பு வந்துச்சு. தமிழ் மூலம் புத்தகமா வர ஆரம்பிச்சது 1948-லதான். ஆமாங்க, தமிழ்ல எழுதினது தமிழ்ல அச்சாகிறதுக்கு முன்னாடி ஆங்கிலத்துல முழுசா வந்துடுச்சு. இன்னைக்கும் நாட்குறிப்புல இடையிடையே விடுபட்ட காலங்கள் உண்டு. 85 வருஷம் சும்மா கிடந்ததுக்கும், அப்புறம் கை மாறினதுக்கும் குடுத்த விலைன்னு அதைச் சொல்லலாம்.

இதுல ஒரு பாடம் இருக்கு. "வீட்டுலயே இருக்கட்டும், பரம்பரைச் சொத்து"ங்கிறது கேட்க நல்லா இருக்கும். ஆனா வீடுங்கிறது வாரிசு இருக்கிற வரைக்கும், அந்த வாரிசுக்கு அக்கறை இருக்கிற வரைக்கும், கூரை ஒழுகாத வரைக்கும்தான். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் வந்தப்போ புதுச்சேரியில 24 மணி நேரத்துல 45 சென்டிமீட்டருக்கு மேல மழை கொட்டுச்சு. தாத்தா வீட்டுப் பின்கட்டுல தண்ணி ஏறி, கீழே வச்சிருந்த ஒரு ட்ரங்க் பெட்டி முழுசா ஊறிடுச்சு. அதுல இருந்தது என்னன்னு இப்ப யாருக்கும் தெரியாது. தாத்தாவுக்கு மட்டும்தான் தெரிஞ்சிருக்கும். ஒரு நோட்டுல நாலு வரி எழுதி வச்சிருந்தா, தொலைஞ்சது என்னன்னாவது தெரிஞ்சிருக்கும்.

மேலே சொன்ன அரியேலோட கதையும் நம்ம விஷயத்துக்குள்ளதான் வருது. இவர் 1840-கள்ல புதுச்சேரிக்கு வேலைக்கு வந்து, தமிழ் படிச்சு, திருக்குறள்லேர்ந்து சில பகுதிகளைப் பிரெஞ்சுல மொழிபெயர்த்தவர். நிறைய ஓலைச்சுவடியும் தமிழ்ப் புத்தகமும் சேர்த்தார். 1854-ல இளவயசுலயே புதுச்சேரியில செத்துப் போனார். அவரோட தொகுப்பு கப்பல் ஏறி பாரிஸ் போய், கடைசியில பிரெஞ்சு தேசிய நூலகத்துல சேர்ந்துச்சு. அங்கே பத்திரமா இருக்கு, பட்டியலும் இருக்கு. ஆனா எங்க ஊர்க்காரன் எவனாவது அதைப் பார்க்கணும்னா ரொம்ப நாளைக்கு விசா எடுத்துக்கிட்டுப் போக வேண்டிய நிலைமை. 1778-லேர்ந்து 1792 வரைக்கும் எழுதப்பட்ட இரண்டாம் வீரா நாயக்கர் நாட்குறிப்பையும் நம்ம ஆட்கள் பாரிஸ்லேர்ந்து எடுத்துத்தான் இங்கே அச்சாக்க வேண்டியிருந்துச்சு. "நம்ம சொத்தைக் கொண்டு போய்ட்டான்"னு கோபப்படலாம். ஆனா இங்கேயே கிடந்திருந்தா கரையானுக்குப் போயிருக்குமோங்கிற சந்தேகமும் நேர்மையா வரணும். ரெண்டுமே உண்மைதான்.

வேடிக்கை என்னன்னா, நூறு வருஷம் கழிச்சு இதே புதுச்சேரி மத்தவங்க வீட்டுச் சுவடிகளுக்குப் புகுந்த வீடா ஆச்சு. 1955-ல ழான் ஃபிலியோசா இங்கே பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த வருஷத்துலேர்ந்து பண்டிதர் என். ஆர். பட் மாதிரியானவங்க தமிழ்நாடு பூரா குருக்கள் வீடுகள், கோயில்கள், மடங்கள்னு போய் சைவ ஆகமச் சுவடிகளைச் சேகரிச்சாங்க. பல வீடுகள்ல அந்தச் சுவடியைப் படிக்கக்கூடிய தலைமுறை முடிஞ்சு போயிருந்த நேரம் அது. கிரந்த எழுத்து தெரியாத பேரனுக்கு அது வெறும் ஓலைக்கட்டு. குடுக்க மாட்டேன்னு சொன்ன இடத்துலேர்ந்து சுவடியை வாங்கிட்டு வந்து, காகிதத்துல படி எடுத்துக்கிட்டு திருப்பிக் குடுத்ததும் உண்டு. அப்படிச் சேர்ந்த புதுச்சேரிச் சைவச் சுவடிகள் சுமார் 11,000. யுனெஸ்கோ 2005-ல உலக நினைவுப் பட்டியல்ல அதைச் சேர்த்துச்சு.

சரி, சென்னைப் பக்கம் போவோம். உ.வே.சா. தாத்தாவோட ஏடுகள் என்ன ஆச்சு? இரண்டாம் உலகப்போர் சமயம், ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு பயந்து சென்னையே காலியாகிட்டு இருந்தப்போ, அவர் திருக்கழுக்குன்றத்துக்குப் போனார். 1942 ஏப்ரல் 28-ல அங்கேயே காலமானார். அடுத்த வருஷமே, 1943-ல, ருக்மிணி தேவி அருண்டேல் முயற்சியில அடையாறுல அவர் பேர்ல நூல்நிலையம் ஆரம்பிச்சாச்சு. பின்னாடி பெசன்ட் நகர்ல அதுக்குச் சொந்தக் கட்டடம் வந்துச்சு. அவரோட சுவடிகள், கையெழுத்துப் படிகள், அச்சுப் புத்தகங்கள் எல்லாம் பிரியாம ஒண்ணா ஒரே இடத்துக்குப் போச்சு. அவர் இருந்த திருவல்லிக்கேணி வீடு, 'தியாகராஜ விலாசம்', 2012-ல இடிக்கப்பட்டப்போ தமிழ் உலகமே வருத்தப்பட்டுச்சு, நியாயம்தான். ஆனா யோசிச்சுப் பாருங்க. ஏடுகள் அந்த வீட்டுலயே இருந்திருந்தா? எழுபது வருஷத்துக்கு முன்னாடி யாரோ சீக்கிரமா முடிவெடுத்ததால வீடு மட்டும்தான் போச்சு.

மறைமலை அடிகள் கதையில தாமதமும் உண்டு, இடமாற்றமும் உண்டு. பல்லாவரத்துல 'மணிமொழி நூல்நிலையம்'னு தன் புத்தகங்களுக்கே பேர் வச்சுப் பாதுகாத்தவர் அவர். 1950 செப்டம்பர் 15-ல மறைஞ்சார். சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்து வ. சுப்பையா பிள்ளை சென்னை லிங்கிச் செட்டித் தெருவுல மறைமலை அடிகள் நூல்நிலையத்தைத் திறந்தது 1958-ல. நடுவுல எட்டு வருஷம். கழகம் வெளியிட்ட புத்தகங்களும் மத்தவங்க குடுத்ததும் சேர்ந்து அது வளர்ந்துச்சு. ஐம்பது வருஷம் கழிச்சு, 2008-ல, அதுவும் இடம் மாறி கன்னிமாரா நூலகக் கட்டடத்துக்குப் போச்சு. அதாவது புகுந்த வீடும் நிரந்தரம் இல்லை. அந்த வீடு நொடிச்சாலும் புத்தகங்கள் கட்டுக் குலையாம அடுத்த வீட்டுக்குப் போகிற மாதிரி இருக்கணும். அதுக்கு ஒழுங்கான பதிவேடு வேணும். பதிவேடு இருந்தா அது ஒரு நூலகம், இல்லன்னா கொஞ்சம் மூட்டைகள், அவ்வளவுதான்.

"அப்ப பெரிய, பேர் போன நூலகமாப் பார்த்துக் குடுத்துட்டா கவலை விட்டுச்சு"ன்னு தோணும். அப்படித் தோணினா யாழ்ப்பாணத்தை நினைச்சுக்கணும். 1933-ல க. மு. செல்லப்பாங்கிறவர் தன் வீட்டுலயே ஆரம்பிச்ச சின்ன வாசகசாலைதான் யாழ்ப்பாணம் பொது நூலகத்துக்கு விதை. 1959-ல பெரிய கட்டடம் திறந்தாங்க. எத்தனையோ பேர் நம்பிக்கையோட தங்க வீட்டு ஏடுகளையும் புத்தகங்களையும் அங்கே ஒப்படைச்சிருந்தாங்க. 1981 மே கடைசி, ஜூன் முதல் தேதி இரவுல அதைக் கொளுத்தினாங்க. சுமார் 97,000 புத்தகங்களும் சுவடிகளும் சாம்பல். வேற எங்கேயும் படி இல்லாதது என்னென்ன இருந்துச்சோ அது போனது போனதுதான். என் தொழில் பாஷையில சொன்னா, பேக்கப் இல்லாத சர்வர். இதையெல்லாம் பார்த்து வந்த தலைமுறைதான் 2005-ல 'நூலகம்' திட்டத்தை ஆரம்பிச்சு ஈழத்து நூல்களை ஸ்கேன் பண்ணி இணையத்துல போட்டுட்டு வருது.

இப்ப கடைசிக் கதை. எனக்கு ரொம்பப் பிடிச்சதும் இதுதான்.

செட்டிநாட்டுக் கோட்டையூர்ல ரோஜா முத்தையான்னு ஒருத்தர். தொழில் விளம்பரப் பலகை எழுதுறது. பேராசிரியரும் இல்லை, பணக்காரரும் இல்லை. 1950 வாக்குல பழைய புத்தகம் சேர்க்க ஆரம்பிச்சவர், கடைசிவரைக்கும் நிறுத்தலை. 19-ஆம் நூற்றாண்டு அச்சுப் புத்தகங்களோட நின்னுடாம, எந்த நூலகமும் சீந்தாத சரக்கையும் சேர்த்தார்: நாடக நோட்டீஸ், குஜிலிப் பாட்டுப் புத்தகம், சினிமாப் பாட்டுப் புத்தகம், கைவிளம்பரம். 1992-ல அவர் இறந்தப்போ வீட்டுல இருந்தது கிட்டத்தட்ட ஒரு லட்சம் உருப்படி. இப்ப அந்தக் குடும்பத்தோட இடத்துல உங்களை வச்சுப் பாருங்க. எங்க வீட்டு ஏழு பெட்டிக்கே எனக்கு முழி பிதுங்குது!

அந்த மாதிரித் தொகுப்புக்கு வழக்கமா நடக்கிறது என்ன? அரிய புத்தகத்தை வியாபாரிங்க பொறுக்கிட்டுப் போவாங்க, மிச்சம் எடைக்குப் போகும். இங்கே அப்படி நடக்கலை. சிகாகோ பல்கலைக்கழகம், அங்கே தெற்காசிய நூல் பிரிவைப் பார்த்துக்கிட்டிருந்த ஜேம்ஸ் நை முயற்சியில, 1994-ல முழுத் தொகுப்பையும் மொத்தமா விலைக்கு வாங்குச்சு. அமெரிக்கா வாங்கிடுச்சுன்னா கப்பல் ஏத்தியிருப்பாங்கன்னுதானே நினைப்போம்? ஏத்தலை. இங்கேதான் இது அரியேல் கதையிலேர்ந்து பிரியுது. புத்தகங்கள் கோட்டையூர்லேர்ந்து சென்னைக்கு வந்துச்சு. 'மொழி' அறக்கட்டளையோட சேர்ந்து ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்னு அவர் பேர்லயே நூலகம் தொடங்கினாங்க. அட்டவணை போட்டு, மைக்ரோஃபிலிம் எடுத்து, படியை சிகாகோவுக்கு அனுப்பி, மூலத்தை இங்கேயே வச்சுக்கிட்டாங்க. முதல்ல முகப்பேர்ல இருந்துச்சு, அப்புறம் தரமணிக்கு மாறிச்சு. அந்த நூலகத்தைப் பார்த்துட்டு பின்னாடி மத்தவங்களும் தங்க வீட்டுத் தொகுப்புகளைக் குடுத்தாங்க.

இந்த எல்லாக் கதையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா எனக்குத் தோணுறது இதுதான். புத்தகத்துக்குச் சரியான வீடு எதுன்னு தீர்மானிக்கிறது ஊரோ, கட்டடமோ, பேரோ இல்லை. பொண்ணுக்கு வரன் பார்க்கிற மாதிரி மூணு கேள்வி கேட்கணும். தொகுப்பைப் பிரிக்காம ஏத்துக்குவாங்களா? பட்டியல் போடுவாங்களா? கேட்கிறவனுக்கு எடுத்துக் குடுத்து, ஒரு படியும் எடுத்து வைப்பாங்களா? பாரிஸ் முதல் ரெண்டுல தேறிச்சு, மூணாவதுல நம்மளை ரொம்ப நாள் காக்க வச்சுச்சு. யாழ்ப்பாணம் அன்பா ஏத்துக்கிச்சு, படி இல்லாததால மீட்க முடியலை. கோட்டையூர்த் தொகுப்புக்கு மூணும் அமைஞ்சது. கூடவே நாலாவதா ஒண்ணு, சீக்கிரம். இறந்து ரெண்டு வருஷத்துக்குள்ள முடிவாச்சு.

ஆனா இன்னொரு உண்மையையும் சொல்லியாகணும். நம்ம தாத்தாக்கள் ரோஜா முத்தையா இல்லை. எங்க தாத்தா பீரோவுல இருக்கிறதுல பாதிக்கு மேல எந்த நூலகத்துலயும் ஏற்கெனவே இருக்கிற புத்தகங்கள். நூலகத்துக்காரங்க "வேணாம்"னு சொன்னா அவங்களைத் திட்டுறதுல அர்த்தமில்லை. ஒரு புத்தகத்தை ஏத்துக்கிட்டா பதியணும், பூச்சி பார்க்கணும், அலமாரி இடம் வேணும், அதையெல்லாம் செய்ய ஆள் வேணும். இலவசமாக் குடுக்கிறது நமக்குத்தான் இலவசம், அவங்களுக்குச் செலவு. அதனால "ஏழு பெட்டி இருக்கு, வந்து எடுத்துக்குங்க"ன்னு போன் பண்றதைவிட, "இந்த 60 தலைப்பு உங்ககிட்ட இல்லைன்னு நினைக்கிறேன், பாருங்க"ன்னு பட்டியல் அனுப்பினா மரியாதையான பதில் வருது. இதை அனுபவத்துல பார்த்துட்டேன்.

அந்த 60 எதுங்கிறதுலதான் எனக்கே ஆச்சரியம். கெட்டி அட்டை போட்ட பெரிய பெரிய புத்தகங்கள் எல்லாம் ஏற்கெனவே பல இடத்துல இருக்கு. பல தலைப்பு தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகத்துலயே ஸ்கேனா கிடைக்குது. எங்கேயும் அகப்படாதது, நாங்க முதல்ல எடைக்குப் போடலாம்னு ஒதுக்கி வச்ச குப்பைக் கட்டு. கதிர்காமம், தட்டாஞ்சாவடிப் பக்கத்துச் சங்கங்களோட ஆண்டு மலர், பள்ளிக்கூட விழா மலர், கோயில் கும்பாபிஷேகப் பத்திரிகை, தேர்தல் நோட்டீஸ். பிரெஞ்சு ஆட்சி போய், 1954 நவம்பர் 1-ல நிர்வாகம் இந்தியா கைக்கு மாறி, 1962 ஆகஸ்ட்ல சட்டப்படி இணைஞ்ச அந்த இடைப்பட்ட காலத்துல, இந்த ஊர் ஆட்கள் என்ன அச்சடிச்சாங்க, எந்த முதலாளி விளம்பரம் குடுத்தார், எந்த அச்சகத்துல ஓடுச்சுன்னு அதுல இருக்கு. சில மலர்கள்ல தாத்தா பென்சில்ல "இவர் என் மாணவர்", "இது தவறு, கூட்டம் நடந்தது மறுநாள்"னு ஓரத்துல எழுதியிருக்கார். இந்தப் படி உலகத்துலயே ஒண்ணுதான். இந்தக் கட்டு பழைய பேப்பர் கடைக்குப் போயிருந்தா ஒரு ஊரோட எட்டு வருஷ ஞாபகத்துல ஒரு துண்டு போயிருக்கும். எடை போட்டா ஆறு கிலோ கூட வராது.

அதனால வீட்டுல பேசி இப்படி முடிவு பண்ணியிருக்கோம். உள்ளூர் மலர்களும் நோட்டீஸும் ஒரே கட்டா, பிரியாம, பட்டியலோட ஒரு ஆராய்ச்சி நூலகத்துக்கு. எழுத்துல நன்கொடைக் கடிதம், அதுல தாத்தா பேர். குடுக்கிறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் நானே போட்டோ எடுத்து வச்சுக்கிறேன். பிரெஞ்சு இலக்கணமும் அகராதியும், இன்னமும் பிரெஞ்சு சொல்லிக் குடுக்கிற ஒரு வாத்தியாருக்கு, அவருக்கு அது உபயோகப்படும். பொதுவான கதை, கட்டுரைப் புத்தகங்கள் பக்கத்துத் தெரு வாசகசாலைக்கும், கேட்கிற பிள்ளைங்களுக்கும். சைவ சித்தாந்தம் முழுசும் அம்மா வச்சுக்கிறேன்னுட்டாங்க, அதுல பேச்சே கிடையாது :-)

உங்க வீட்டுப் பரண்ல ஏதாவது இருந்தா இந்த வாரமே ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கிட்டு ஏறிப் பாருங்க. பேர், ஆசிரியர், வருஷம், அச்சகம், இந்த நாலு போதும். கனமான புத்தகத்துலேர்ந்து ஆரம்பிக்காதீங்க, மெல்லிசா இருக்கிறதுலேர்ந்து ஆரம்பிங்க. பெரியவங்க யாராவது உயிரோட இருந்தா பக்கத்துல உட்கார வச்சு, "இது ஏது? ஏன் வாங்கினீங்க?"ன்னு கேட்டு அதையும் பக்கத்துலயே எழுதிடுங்க. அந்த ஒரு பத்தி மட்டும் பின்னாடி எந்த நூலகத்தாலயும் போட முடியாது.

மாமா குடுத்த கெடுவுக்கு இன்னும் நாள் இருக்கு. பட்டியல்ல 412-வது எண்ணுல நிக்கிறேன்.